பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்து வேலூரில் நெடுங்காலம் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் மீண்டும் இயங்கச் செய்தவர் என்று இவர் பரவலாக அறியப்படுகிறார். உணர்ச்சியற்ற பாதங்களிலும் கணுக்கால்களிலும் ஏற்படும் புண்களையும் எலும்பு முறிவுகளையும் கத்தி வைக்காமல், மாவுக்கட்டு மூலம் ஆற்றும் முறையை வளர்த்து உலகெங்கும் பரப்பியதும் இவருடைய முதன்மையான பணிகளுள் ஒன்றாகும். அப்பணி குறைவாகவே பேசப்படுகிறது. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கை தவறு என்பதையும், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அதற்குக் காரணம் என்பதையும் இவர் நிலைநாட்டினார்.

பிறப்பும் இளமையும்

பிராண்டின் பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் ஆகியோர் கொல்லிமலையில் சமயப்பணியாற்றிய ஆங்கிலேயர்கள். கொல்லிமலை முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. மலைக்கு அக்காலத்தில் சாலை வசதி இல்லை. மலேரியாக் காய்ச்சல் மிகுதி. தந்தை முறையான மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் வெப்பமண்டல நோய்கள் குறித்துச் சிறிது பயிற்சி பெற்றிருந்தார். வீடு கட்டுதல், தச்சுவேலை ஆகியவற்றோடு, மலைமக்களுக்குப் பல் பிடுங்குவது, புண்களுக்குக் கட்டுப் போடுவது, நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல வெளியே எடுப்பது போன்ற சிகிச்சைகளையும் அவர் செய்துவந்தார். பிராண்ட் சிறுவனாக இருந்தபோது தொழுநோயாளிகள் சிலர் வீட்டுக்கு வந்தனர். எந்த நோயாளியையும் வெறுங்கையால் தொடும் தந்தை அன்று மட்டும் கையுறை அணிந்து சிகிச்சை அளித்தது அவர் நினைவில் நீங்காமல் நின்றது.

1923ஆம் ஆண்டில், ஒன்பதாம் வயதில், பிராண்ட் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை மலேரியாவின் கடுமையான விளைவான கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையில் காலமானார். மகன் அவரை மீண்டும் பார்க்கவில்லை. தாய் ஈவ்லின் தமிழ்நாட்டிலேயே தங்கி, முதுமையிலும் கொல்லிமலை, கல்வராயன் மலை ஆகிய பகுதிகளில் பணியைத் தொடர்ந்தார். நடக்க இயலாதபோது இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றியும், மலைக் குதிரை மீது ஏறியும் ஊர் ஊராகச் சென்றார். 1974இல் தம் 95ஆம் வயதில் காலமானார்.

கல்வி

மருத்துவம் பிராண்டின் முதல் விருப்பம் அல்ல. பள்ளிப்படிப்பை முடித்தபின் பல ஆண்டுகள் கட்டடத் தொழிலில் பயிற்சி பெற்றார். தச்சு, கொத்துவேலை, கல்வேலை ஆகியவற்றைக் கற்றுக்கொண்டார். தந்தையைப் போல் இந்தியாவில் கட்டடம் கட்டுபவராகப் பணியாற்றுவதே அவருடைய நோக்கமாக இருந்தது. அதற்கு முன்னேற்பாடாக எளிய மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தபோது மருத்துவத்தில் நாட்டம் உண்டாயிற்று. 1937இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மாணவரானார். பாரம் எங்கே இறங்குகிறது, எந்த மூட்டு எந்தத் திசையில் இழுக்கப்படுகிறது என்று பார்க்கும் தச்சரின் கண் பின்னாளில் அவருடைய மருத்துவத்திலும் தொடர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிக்கும் பணியில் ஈடுபட்டார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943இல் மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள். மார்கரெட் பிராண்ட் பின்னர் கண் மருத்துவராகி, தொழுநோயாளிகளின் கண்பார்வையைக் காப்பதில் சிறந்து விளங்கினார்.

குழந்தைகளின் வளைபாதம்

போர்க்காலத்தில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் வீதிக் குழந்தைகள் மருத்துவமனையில் டெனிஸ் பிரவுன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் பிராண்ட் பணியாற்றினார். பிறவியிலேயே உள்நோக்கித் திரும்பிய குழந்தைகளின் பாதங்களைக் கையால் வலிந்து நேராக்கிக் கட்டும் முறை அங்கு வழக்கத்தில் இருந்தது. அவ்வாறு திருத்தப்பட்ட பாதங்கள் தோற்றத்தில் நேராக இருந்தன. ஆனால் வளர்ந்தபின் அவை தழும்பேறி விறைத்துவிடுவதைப் பிராண்ட் கண்டார்.

வேலூருக்கு வந்தபின், எந்தச் சிகிச்சையும் பெறாமல் வளர்ந்த வளைபாதங்களைப் பார்த்தார். அவை கோணலாக இருந்தாலும் தசையும் தோலும் இளக்கமாக இருந்தன. வலிந்து நேராக்குவதில் கிழியும் திசுக்களே தழும்பாகி விறைக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். எனவே பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் மாவுக்கட்டுப் போட்டு, சில நாட்களில் கட்டை மாற்றும் முறையைப் பின்பற்றினார். குழந்தையைப் பசியோடு கொண்டுவருமாறு தாயிடம் சொல்வது அவர் வழக்கம். தாய் பாலூட்டும்போது பாதத்தை மெல்லத் திருப்புவார். குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினால் எல்லை நெருங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் கட்டுப் போடப்படும். எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்பதற்கு நோயாளியின் வலியே அளவுகோல் என்ற கருத்து இங்கு உருவாயிற்று. வலியே இல்லாத நோயாளிகளைச் சந்தித்தபோது இந்த அளவுகோல் அவருக்குப் பயன்படாமல் போயிற்று.

வேலூரும் திருமணியும்

தொழுநோய் வல்லுநரான இராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று 1946இல் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். 1947இல் செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லத்தைக் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். விரல்கள் நகம்போல் மடங்கிய கைகளையும் புண்பட்ட கால்களையும் அங்கு பெருந்தொகையாகக் கண்ட பிராண்ட், எலும்பியல் மருத்துவர்கள் எவரும் இவற்றை ஏன் ஆராயவில்லை என்று வினவினார். எந்த மருத்துவரும் இதில் அக்கறை கொள்ளவில்லை என்பதே விடையாக இருந்தது. மடங்கிய கையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னபோது, பிடியின் வலிமையால் பிராண்டின் கை வலித்தது. விரல்களை நிமிர்த்தும் சிறுதசைகள் செயலிழந்திருந்தாலும், முன்கைத் தசைகள் நல்ல நிலையில் இருப்பதை இது காட்டிற்று. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மீண்டும் இயங்கக்கூடும் என்று கருதி, அவர் தொடங்கிய அறுவைகள் வெற்றி பெற்றன.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் பெருகுவது. எனவே முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளே பெரிதும் சிதைகின்றன என்று பிராண்டும் உடன் பணியாற்றியோரும் கண்டனர். கணுக்காலின் உட்புறத்தில் செல்லும் நரம்பு சிதையும்போது உள்ளங்கால் முழுவதும் மரத்துவிடுகிறது.

அறுவையால் கை திருந்திய பலர் ஊருக்குத் திரும்பியும் வேலை கிடைக்காமல் துன்புற்றனர். இதனால் 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் மறுவாழ்வு இல்லம் தொடங்கப்பட்டது. அங்கு தச்சுவேலை முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. திருந்திய கைகளில் மீண்டும் காயங்கள் தோன்றுவதைக் கண்ட பிராண்ட், ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், கருவியின் சொரசொரப்பான பிடி, திறக்க முடியாத பூட்டில் அழுத்தித் திருகிய சாவி என்று காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. இரவில் விரல்நுனி காணாமற்போன சிலருக்கு, உறங்கும்போது எலி கடித்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதன்பின் இல்லத்தில் பூனைகள் வளர்க்கப்பட்டன. நோயாளிகள் வீடு திரும்பும்போது பூனையையும் உடன் எடுத்துச் சென்றனர்.

கணுக்கால் முறிவுச் சிகிச்சையின் பின்னணி

கீழ்க்காலின் இரண்டு எலும்புகளின் நுனிகள் இருபுறமும் கவ்வி நிற்க, அவற்றுக்கு நடுவே பாதத்தின் மேலெலும்பு பொருந்தியிருப்பதே கணுக்கால் மூட்டு. உடலின் எடை முழுவதும் இச்சிறு பரப்பின் வழியே இறங்குகிறது. இந்த எலும்பு நுனிகள் முறிந்து மூட்டு விலகினால், அதை மீண்டும் இடத்தில் பொருத்தி, ஆறும்வரை அசையாமல் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் நாட்டு வைத்தியர்கள் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவதன் நோக்கமும் இதுவே.

ஐரோப்பாவில் இத்துறையில் பெயர் பெற்றவர் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் (1714–1788). 1756இல் குதிரையிலிருந்து விழுந்து அவருடைய கால் எலும்பு முறிந்து வெளியே வந்தது. காலை வெட்டியெடுக்க ஏற்பாடாகியிருந்த நிலையில், கட்டுப்போட்டே அது காப்பாற்றப்பட்டது. கணுக்கால் முறிவின் ஒரு வகை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சு இராணுவ மருத்துவர் மதைசன் மாவுக்கட்டுத் துணியை உருவாக்கினார். 20ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் லோரன்ஸ் போலர், இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி ஆகியோர் திறவா முறையை நுணுக்கமாக வளர்த்தனர். 1958இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட மருத்துவர் குழு ஒன்று தகடும் திருகாணியும் கொண்டு எலும்பைப் பொருத்தும் அறுவையைச் செம்மைப்படுத்தியது. அதன்பின் கணுக்கால் முறிவுகளுக்கு அறுவையே பொது வழக்கமாயிற்று.

இம்முறைகள் அனைத்தும் நோயாளிக்கு வலி தெரியும் என்ற அடிப்படையில் அமைந்தவை. முறிந்த காலை ஊன்றினால் வலிக்கும்; எனவே அவர் ஊன்றமாட்டார். வலி தெரியாத ஒருவருக்கு இப்பாதுகாப்பு இல்லை.

உணர்ச்சியற்ற பாதமும் மாவுக்கட்டும்

தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்கள் நோயின் இயல்பான விளைவு என்றும், அவை ஆறமாட்டா என்றும் அக்காலத்தில் கருதப்பட்டது. புண் எலும்புவரை செல்லும்போது காலை வெட்டியெடுப்பது வழக்கம். கிருமிக்கொல்லி மருந்துகள் கொடுத்தும் புண்கள் மீண்டும் தோன்றின. புண்பட்ட காலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு மூடிவிட்டால் அதே புண்கள் ஆறுவதைப் பிராண்ட் கண்டார். இக்கருத்து அவருக்கு முன்பே இப்பகுதியில் தோன்றியதாகும். 1930களில் இந்தியாவில் ஜோசப் கான், இலங்கையில் மில்ராய் பால் ஆகியோர் தொழுநோய்ப் புண்களுக்கு மாவுக்கட்டைப் பயன்படுத்தியுள்ளனர்.

சதையில் குறை ஏதும் இல்லை, அதற்கு ஓய்வு கிடைக்காததே குறை என்பது பிராண்டின் முடிவு. முழுத்தொடு மாவுக்கட்டு எனப்படும் இம்முறையில், காலுக்கும் கட்டுக்கும் இடையே பஞ்சு மிகக் குறைவாகவே வைக்கப்படும். கட்டு, பாதத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும். இதனால் ஒரு புள்ளியில் இறங்கும் எடை உள்ளங்கால் முழுவதும் பரவுகிறது. ஒரு பகுதி எடையைக் கெண்டைக்காலைச் சுற்றியுள்ள கட்டின் சுவர் தாங்கிக்கொள்கிறது. கணுக்கால் அசைவதில்லை, நடை குறுகுகிறது. நோயாளி தாமாகக் கட்டைக் கழற்றவும் இயலாது. வீக்கம் வடிந்து கட்டு தளரும்போது அதை மாற்ற வேண்டும். இல்லையெனில் கட்டே புதிய புண்ணை உண்டாக்கிவிடும்.

புண்ணைவிடக் கொடியது எலும்புச் சிதைவு. மரத்த காலில் சிறு முறிவு ஏற்பட்டால் நோயாளி அதை அறியாமல் தொடர்ந்து நடப்பார். முறிந்த எலும்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து நொறுங்கும். சில மாதங்களில் பாதத்தின் வளைவு அமிழ்ந்து, கணுக்கால் உருக்குலைந்துவிடும். இத்தகைய மூட்டுச் சிதைவை வேறொரு நரம்பு நோயில் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1868இல் விளக்கியிருந்தார். தொழுநோயில் பாத எலும்புகள் எந்தெந்த ஒழுங்கில் சிதைகின்றன என்பதைப் பிராண்டும் ஹாரிசும் 1966இல் பிரித்தானிய எலும்பியல் இதழில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். எடை இறங்கும் பாதைகளை ஒட்டியே சிதைவு நிகழ்கிறது என்பதும், தொடக்கத்திலேயே கண்டுபிடித்து அசையாமல் கட்டிவைத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்பதும் அதன் சாரம். முன்பு நோயின் தவிர்க்க முடியாத முடிவாகக் கருதப்பட்டது, இங்கு சிகிச்சை அளிக்கத்தக்க எலும்பு முறிவாக விளக்கப்பட்டது.

தொடக்கத்தைக் கண்டுபிடிக்க வலி உதவாது என்பதால் பிராண்ட் வெப்பத்தை நம்பினார். இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு ஒப்பிட்டு, ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் உள்ளே சேதம் நிகழ்கிறது என்று கொண்டார். சூடு தணியும்வரை கட்டை நீக்குவதில்லை. இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கட்டு நீங்கியபின் அணிவதற்காக, நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான காலணிகள் வேலூரிலும், 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் உருவாக்கப்பட்டன.

ஒரு முறை அமெரிக்கப் பயணம் முடிந்து இங்கிலாந்து சேர்ந்த இரவில், தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாததைப் பிராண்ட் கவனித்தார். ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் தொற்றிவிட்டது என்று எண்ணி இரவெல்லாம் உறங்காமல் கிடந்தார். காலையில் மீண்டும் குத்தியபோது வலித்தது. நெடும்பயணத்தில் நரம்பு அழுந்தியதால் கால் மரத்திருந்தது, அவ்வளவே. வலியை ஒரு கொடையாகக் கருதும் எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டதற்கு இந்நிகழ்ச்சி ஒரு காரணம்.

கார்வில் ஆய்வுகள்

1966இல் பிராண்ட் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குச் சென்று, லூசியானா மாநிலத்தின் கார்வில் நகரில் இருந்த தேசியத் தொழுநோய் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவின் தலைவரானார். எலிகளின் பாதங்களைக் கொண்டு அங்கு நடத்திய ஆய்வுகளில், ஒருமுறை மட்டும் தரும்போது தீங்கு செய்யாத மிதமான அழுத்தம், நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை தொடரும்போது திசுக்களை அழற்சியுறச் செய்து புண்ணாக்குவது தெரியவந்தது. வலி தெரியும் மனிதர் நடக்கும்போது தம்மையறியாமல் நடையைச் சிறிது மாற்றி அழுத்தத்தை இடம் மாற்றுகிறார். மரத்த பாதம் இறுதிவரை ஒரே இடத்தில் ஊன்றுகிறது.

வலிக்குப் பதிலாகச் செயற்கை எச்சரிக்கைக் கருவி ஒன்றை உருவாக்கவும் பிராண்டின் குழுவினர் பல ஆண்டுகள் முயன்றனர். கையுறைகளிலும் காலுறைகளிலும் அழுத்த உணரிகள் பொருத்தப்பட்டன. ஒலி எழுப்பியபோது நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தபோது, செய்ய விரும்பிய வேலைக்காகக் கருவியை அணைத்துவிட்டு வேலையைச் செய்தனர். உணரிகளும் அடிக்கடி பழுதாயின. இம்முயற்சி கைவிடப்பட்டது. தாமாக அணைக்க முடியாமல் இருப்பதே வலியின் பயன் என்பது இத்தோல்வியிலிருந்து பிராண்ட் பெற்ற பாடம்.

வேலூரில் தொழுநோயாளிகளுக்குப் பயன்பட்ட மாவுக்கட்டு, கார்வில் வழியாக நீரிழிவு நோயாளிகளைச் சென்றடைந்தது. நீரிழிவிலும் பாத நரம்புகள் மரத்து, ஆறாத புண்களும் எலும்புச் சிதைவும் உண்டாகின்றன. இந்நோயாளிகளின் கால்களை வெட்டாமல் காப்பதில் முழுத்தொடு மாவுக்கட்டு இன்றும் முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்றாக உள்ளது.

விருதுகளும் நூல்களும்

1952இல் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவக் கல்லூரியின் அன்ட்டேரியன் பேராசிரியராகச் சிறப்பிக்கப்பட்டார். 1960இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருது பெற்றார். 1961இல் பிரித்தானிய அரசு அவருக்குச் சி.பி.ஈ. பட்டம் வழங்கியது. கையின் இயக்கவியல் பற்றி அவர் எழுதிய நூல் அறுவை மருத்துவர்களால் பெரிதும் மதிக்கப்படுகிறது. எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து உடல், வலி, சமய நம்பிக்கை ஆகியவை பற்றிப் பொது வாசகர்களுக்கான நூல்களையும் எழுதினார்.

வேலூரில் அவருடன் பணியாற்றியவர்களுள் மேரி வர்கீஸ் குறிப்பிடத்தக்கவர். 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இவ்விளம் மருத்துவரைப் பிராண்ட் ஊக்குவித்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூரில் உடலியல் மறுவாழ்வுத் துறையை உருவாக்கினார்.

மறைவு

1986இல் ஓய்வுபெற்ற பிராண்ட், சியாட்டில் நகரில் வாழ்ந்தார். கீழே விழுந்ததில் தலையில் ஏற்பட்ட இரத்தக்கசிவின் விளைவாக ஜூலை 8, 2003 அன்று தம் 88ஆம் வயதில் அங்கு காலமானார்.

பிற்காலத் தாக்கம்

1980களில் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சை, தொழுநோயை முழுமையாகக் குணமாகும் நோயாக்கியது. எனினும் நரம்பு சிதைந்தபின் உணர்ச்சி திரும்புவது அரிது. அதனால் பாதப் பாதுகாப்பின் தேவை நீங்கவில்லை.

வலியுணர்வுள்ள நோயாளிகளிடத்தும் திறவா முறை மீண்டும் கவனம் பெற்றுள்ளது. 60 வயதைக் கடந்த, நிலையற்ற கணுக்கால் முறிவுடைய 620 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்குத் தகடு பொருத்தும் அறுவையும், மற்றவருக்கு மயக்கமருந்து கொடுத்து எலும்பைக் கையால் பொருத்தி, குறைந்த பஞ்சுடன் காலோடு ஒட்டி வார்க்கும் மாவுக்கட்டும் அளிக்கப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் இரு பிரிவினரின் கணுக்கால் செயற்பாடும் ஏறத்தாழ சமமாக இருந்தது. கிருமித்தொற்று, காயம் பிரிதல் ஆகியவை அறுவைப் பிரிவில் 10 விழுக்காடும், கட்டுப் பிரிவில் 1 விழுக்காடும் ஏற்பட்டன. எலும்பு கோணலாகப் பொருந்துவது கட்டுப் பிரிவில் 15 விழுக்காடாகவும், அறுவைப் பிரிவில் 3 விழுக்காடாகவும் இருந்தது. கட்டுப் போடப்பட்டவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. எனவே இது எல்லோருக்கும் பொருந்தும் முறை அன்று. கட்டுப் போடுபவரின் கைத்திறனையும், தொடர்ந்த கண்காணிப்பையும் பொறுத்தே பலன் அமையும். ஒட்டி வார்க்கும் இக்கட்டும், திருமணியிலும் வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் கால்களைக் காத்த கட்டும் ஒரே கொள்கையில் அமைந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.